சிவ என்னுஞ் சொல்லின் பிறப்பும் சிறப்பும்

அளவிற் சிறிய சொல் ஒன்று பல நாட்டிலும் பல மொழியிலும் கேட்கப்படுமாயின், அவையெல்லாம் ஒன்றே என்று துணிதற்கு உள்ளம் விரைகின்றது. அச்சொல் நாம் வழிபடும் இறைவன் திருப்பெயராகவும் இருந்துவிடின் அவ்விரைவு இருமடங்காகும். 'சிவ' என்பது அத்தகைய சொல். இஃது இரண்டே எழுத்தால் இயன்றது, திருவைந்தெழுத்தினுள் அமைந்தது. இது தமிழ்ச்சொல்லே என்பாரும், வடசொல்லே என்பாரும், உலக மொழிகள் அனைத்திலும் பரந்து கிடக்கும் ஆதிச்சொல் என்பாருமாக மூவகையார் நம்முள் உளர். ஒவ்வொருவரும் தத்தம் கொள்கையை நிறுவுதலிற் காட்டும் ஊக்கம், அச்சொல்லின் பொருளை வாழ்க்கையிற் கைக்கொள்ளுதலிற் காட்டும் ஊக்கத்தினும் மிக்குக் காணப்படுகின்றது. ஆகலின், இச்சொல்லின் பொருள்களையும் பிறப்பையும் நடுநின்று ஆராய்ந்து, ஒரு சொல்லின் சிறப்பு அதன் பிறப்பின்பாற்பட்டதோ, அன்றி அது நம்மைச் செலுத்தும் நெறியின்பாற்பட்டதோ என்னும் வினாவிற்கு விடை காண்டலே ஈண்டு நம் நோக்கம்.

ஓசையும் உறவும்

முதற்கண், ஓசை ஒத்தல் வேறு, உறவு உடைமை வேறு என்பதனை நமக்கு அணித்தாயுள்ள ஊர்ப்பெயர்களைக் கொண்டே தெளிவோம். சேலம் மாநகரில் ஃபேர்லேண்ட்ஸ் என்னும் பெயருடைய குடியிருப்புப் பகுதி ஒன்று உளது. பெயர் ஆங்கிலம். இதன் முற்பகுதியாகிய 'ஃபேர்' என்னுஞ் சொல் அம்மொழியில் அழகு, வெளிர்நிறம், நடுவுநிலைமை என்னும் பொருள்களை உடையது. அதே ஓசையும் அதே எழுத்தும் உடைய பிறிதொரு 'ஃபேர்' சந்தை என்னும் பொருளில் வழங்குகின்றது. இவ்விரண்டும் ஒரு வேரினவோ எனின், அல்ல. முன்னையது பழைய ஆங்கிலத்தில் அழகைக் குறித்த 'ஃபேகர்' என்னுஞ் சொல்லின் வழிவந்தது. அதன் இனச்சொல் கோத்திய மொழியில் 'தகுதியானது' என்னும் பொருள்பட நின்றது. பின்னையதோ, திருநாள் என்னும் பொருள்தரும் 'ஃபேரியா' என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வாயிலாகத் திரிந்து ஆங்கிலத்திற் புகுந்தது. திருநாளிற் கூடிய மக்களிடைச் சந்தை கூடுதலின் நாளின் பெயர் சந்தைக்காயிற்று. போர்ச்சுகீசியர் செவ்வாய்க்கிழமையை இன்றும் 'மூன்றாம் ஃபெய்ரா' என்றே வழங்குகின்றனர். செவ்வாய்ச் சந்தையாற் பெயர்பெற்ற சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையை அறிந்தார்க்கு, நாளும் சந்தையும் பெயர் மாறிக்கொள்ளுதல் வியப்பன்று.

ஃபேர்லேண்ட்ஸ் என்பதற்கு 'அழகிய நிலங்கள்' என்று பொருள்கோடல் தகும். அதன் அண்மையிலேயே அழகாபுரம் என்னும் பகுதியும் உளது. அப்பெயரும் தமிழர் செவிக்கு அழகின் ஊர் என்றே ஒலிக்கும். இவ்விரண்டு பெயரும் பொருளால் அண்டை வீட்டார், ஓசையால் அயலார். அழகைக் குறிக்கும் 'ஃபேரும்' சந்தையைக் குறிக்கும் 'ஃபேரும்' ஓசையால் இரட்டையர், பிறப்பால் அயலார். ஓசை ஒன்றாயிருப்பினும் உறவின்மையும், ஓசை வேறாயிருப்பினும் கருத்து ஒன்றுதலும் கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

சேலம் என்னும் பெயரே இதற்கு மற்றொரு சான்று. எபிரேயரின் ஆதியாகமத்தில் மெல்கிசேதேக்கு என்னும் அரசன் ஆண்ட ஊர் சாலேம் எனப்படும். அது முழுமை, அமைதி என்னும் பொருள்தரும் எபிரேய வேரினது. அப்பெயரையே வட அமெரிக்காவின் மாசச்சூசெட்சில் குடியேறியோர் 1629-இல் தம் ஊர்க்கு இட்டனர். ஆங்கிலத்தில் எழுதுங்கால் அவ்வூர்ப்பெயரும் நம் ஊர்ப்பெயரும் எழுத்துக்கெழுத்து ஒன்றே. எனினும், நம் சேலத்தின் பெயரை மலையைக் குறிக்கும் சைலம் என்பதனோடும் சேரர் பெயரோடும் இயைத்து ஆராய்வாரன்றி, எபிரேயத்தோடு இயைப்பார் ஆராய்ச்சியாளருள் இலர். எழுத்தொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாமாயின், சேர்வராயன் மலையடியில் வாழும் நாமும் மாசச்சூசெட்சு மக்களும் ஒரே ஊரினராதல் வேண்டும்.

அற்றேல், உறவை அறியுமாறு யாங்ஙனம் எனின், மூன்று அளவைகளாற் கூறுதும். ஒன்று, சொல்லின் இற்றை வடிவை விடுத்து அதன் பழைய வடிவை நோக்குதல். இரண்டு, ஒரு மொழியின் ஓர் எழுத்து மற்றொரு மொழியில் இன்ன எழுத்தாக நிற்குமென்பது, ஒரு சொல்லில் மட்டுமன்றிப் பல சொற்களிலும் ஒழுங்காக வருதலைக் காணுதல். மூன்று, ஒரு பொருளினின்றும் மற்றொரு பொருள் கிளைத்தற்கு இயல்பான வழி உண்டோ என ஆராய்தல். சொற்பொருளின் காரணம் நோக்கியவளவிற் புலப்படாது என்னுங் கருத்தினைத் தொல்காப்பியர் உரியியலிற் கூறிப்போந்தார். ஆகலின் இவ்வெச்சரிக்கை நமக்குப் புதியதன்று.

தமிழ்ச் சிவப்பு

இனி நம் சொல்லிற்கு வருவோம். தமிழில் 'சிவ' என்பது சிவத்தல் என்னும் வினையின் பகுதி. சிவந்தான், சிவப்பு என்பன அதன் வடிவங்கள். செம்மை, செய்யோன், சேயோன், செம்பு, செந்நெல், செவ்வானம், செவ்வாய் என்பனவெல்லாம் அதன் கிளைஞர். செந்நிறம் என்னும் முதற்பொருளினின்றும் நேர்மை, அழகு, முறை என்னும் பொருள்கள் கிளைத்தன. வளையாத கோல் செங்கோல்; திருந்திய தமிழ் செந்தமிழ்; நேர்நிற்றல் செங்குத்து. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டின் பெயர்க்குச் செந்நிற மலை என்றும் செங்குத்தான மலை என்றும் இருவகையாகப் பொருள் கூறுதல் இதனாலேயே அமைவதாயிற்று. ஞானசம்பந்தர் பாடல்பெற்ற காலத்து அதன் பெயர் கொடிமாடச் செங்குன்றூர். அப்பெயரினும் செம்மையே முன்னிற்கின்றது.

இச்சொற்கு மற்றொரு பொருளும் உண்டு. கறுப்பு, சிவப்பு என்னும் இரண்டும் வெகுளியை உணர்த்தும் உரிச்சொற்கள் என்று தொல்காப்பியர் கூறி, அவை நிறம் உணர்த்துதற்கும் உரியன என்று அதன்பின் கூறினார். எனவே பழந்தமிழர்க்குச் சிவத்தல் என்பது சினத்தலுமாம். கண் சிவத்தல் என இன்றும் வழங்குகின்றோம். இவ்விடத்து ஒன்று கருதத்தக்கது: ஆசிரியர் கறுப்பையும் சிவப்பையும் ஒரே நூற்பாவில் ஒரே பொருட்கு ஒப்ப வைத்தார், ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர். இதன் பயன் பின்னர்ப் புலனாகும்.

இச்சொல்லின் பழைய வடிவை அறியத் தமிழின் உடன்பிறந்த மொழிகளை நோக்குதல் வேண்டும். தமிழில் இகர எகரங்களின் முன் நிற்கும் சகரம் கன்னடத்திற் பெரும்பாலும் ககரமாக நிற்கும். நம் செவி அவர்க்குக் கிவி. நம் சிறு அவர்க்குக் கிரு. நம் சேரலம் அசோகன் கல்வெட்டிலேயே கேரளம் என ககரத்தோடு காணப்படுகின்றது. இம்முறையே, நம் செம்மை அவர்க்குக் கெம்பு. பெங்களூரை அமைத்த கெம்பேகௌடர் பெயரில் ஒலிப்பதும் நம் செம்மையே. பல சொற்களில் ஒழுங்காக வரும் இம்மாற்றத்தால், இச்சொல் தமிழினத்து மூலமொழியில் ககர முதலாக நின்று, பிற்காலத்தே தமிழிற் சகரமாயிற்று என்பது மொழிநூலார் துணிபு. பரோ, எமனோ என்னும் இருவர் 1961-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியும் இவ்வினச் சொற்களை ஒருங்கு தொகுத்துக் காட்டுகின்றது.

வடமொழிச் சிவம்

வடமொழியிற் 'சிவ' என்பது மங்கலமான, இனிய, அருள்நோக்குடைய என்னும் பொருள்தரும் பண்புச்சொல். இருக்குவேதத்தில் இஃது ஒரு தேவனுக்கே உரிய பெயராக நில்லாது, அங்கி முதலிய பலரையும் சிறப்பிக்கும் அடையாக வருகின்றது. யசுர்வேதத்துத் திருவுருத்திரத்தில் 'சிவ' என்பதனோடு, 'அதனினும் மிக்க சிவ' என்னும் பொருளில் 'சிவதர' என்னும் ஒப்பீட்டு வடிவும் வருகின்றது. பெயர்ச்சொல் ஒப்பீடு பெறாது, பண்புச்சொல்லே பெறும். எனவே அங்கும் அது பண்புணர்த்தி நின்றதே என்க. அச்சுறுத்தும் உருத்திரனை நோக்கி 'எமக்கு இனியனாகுக' என இறைஞ்சிய அடை, நாளடைவில் அவன் திருப்பெயரேயாயிற்று. சுவேதாசுவதர உபநிடதத்தில் அந்நிலை தெளிவாகின்றது.

இச்சொற்கு வடநூலார் கூறும் காரணங்கள் பல. யாவும் தன்கண் கிடத்தற்கு இடமானவன் என்பர். விரும்புதற்பொருட்டாகிய 'வச' என்பது எழுத்து நிலைமாறிச் 'சிவ' என்றாயிற்று என்றும், 'இம்ச' என்பது 'சிம்மம்' ஆயினாற்போல அதனைக் கொள்க என்றும் கூறுவர். இவை பொருளைத் தியானித்தற்குப் பெரிதும் பயன்படும். ஆயின் சொல்லின் வரலாறு காட்டுவன அல்ல. தியானத்திற்குரிய விளக்கத்தை வரலாறென மயங்குதலும், வரலாறன்று என்பதனால் அவ்விளக்கத்தை இகழ்தலும் ஆகிய இரண்டும் குற்றமே.

வரலாற்றை நோக்குவார்க்கு வடமொழிச் 'சிவ' ஐரோப்பிய மொழிகளிலே உறவினரை உடையது. வடமொழிச் சகரம் இலத்தீனிற் ககரமாகவும் செருமானிய மொழிகளில் ஹகரமாகவும் நிற்பது ஒழுங்கு. நூறு என்பது வடமொழியிற் சதம், இலத்தீனிற் கெந்தும், ஆங்கிலத்தில் ஹண்ட்ரட். நாய் என்பது வடமொழியிற் சுவன், இலத்தீனிற் கானிஸ், செருமானியத்தில் ஹுண்ட். இவ்வொழுங்கின்படி நோக்குங்கால், வடமொழிச் 'சிவ' இலத்தீனிற் 'கீவிஸ்' என நிற்கும். கீவிஸ் என்பான் நகரக் குடிமகன். இதனடியாகவே நகரம், குடிமை, நாகரிகம் என்பனவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் பல பிறந்தன. பழைய ஆங்கிலத்தில் 'ஹீவன்' என்பது ஒரு வீட்டைச் சார்ந்தோர். செருமானியர் திருமணத்தைக் குறிக்கும் 'ஹைராட்' என்பதன் முற்பகுதியும் இதுவே. இலத்துவிய மொழியிற் 'சியெவ' என்பது மனைவி. இவையெல்லாம் படுத்தல், தங்குதல் என்னும் பொருளுடைய ஒரு மூலவேரின் வழியின என்பர். ஒருங்கு தங்குவோர் ஒரு வீட்டார், ஒரு வீட்டார் ஒருவர்க்கொருவர் உரியர், உரியர் இனியர். இங்ஙனம் உறவினின்றும் இனிமையும், இனிமையினின்றும் மங்கலமும் வடமொழிச் சொல்லிற் கிளைத்தன.

எனவே வடமொழிச் சிவத்தின் அடியிற் கிடப்பது உறவு. தமிழ்ச் சிவப்பின் அடியிற் கிடப்பது செந்நிறமும், அதன்வழி வந்த வெகுளியும் நேர்மையும். வேர் வேறு, பழைய வடிவும் வேறு. ஒன்று 'இனியன்' என்று கூற, மற்றொன்று 'சினந்தான்' என்று கூறும்.

போலிகள்

உலகமெங்கும் சிவநாமத்தைக் காண விழைவார் எடுத்துக்காட்டும் பிற சொற்கள் சிலவற்றையும் ஈண்டு ஆராய்வோம். யூதர்கள் நெருங்கிய சுற்றத்தார் இறந்தவிடத்து ஏழுநாள் துயர்காக்கும் வழக்கத்தைச் 'சிவா' என்பர். அஃது எபிரேய மொழியில் ஏழு என்னும் எண்ணுப்பெயர். ஏழுநாளாதலின் அப்பெயர் பெற்றதேயன்றி நம் திருப்பெயரோடு அதற்குத் தொடர்பு யாதுமில்லை.

மற்றொன்று மிகவும் கருதற்பாலது. செருமனியின் வடபாலில் வாழ்ந்த சிலாவியக் குழுவினர் 'சீவா' என்றொரு பெண்தெய்வத்தை வழிபட்டமையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய எல்மோல்டு என்னும் பாதிரியார் எழுதிவைத்துள்ளார். அதனைச் சிவவழிபாட்டின் எச்சமென்று கூறி மகிழ்வார் உளர். ஆயின் சிலாவிய மொழிகளில் அப்பெயரின் அடி உயிர்வாழ்தலைக் குறிப்பது. வடமொழியில் அதன் உறவினர் சிவம் அன்று, சீவன். இலத்தீனில் உயிருள்ளதைக் குறிக்கும் 'வீவுஸ்' என்பதும் இவ்வினத்ததே. சிவத்தைத் தேடிப் புறப்பட்டார் கண்டது சீவனை. சீவனைச் சிவமென மயங்கற்க என்பது நம் சித்தாந்தத்தின் தலையாய பாடம். அம்மயக்கம் பொருளின்கண் மட்டுமன்றிச் சொல்லின்கண்ணும் நிகழ்தல் காண்க. பொருள்களை வேறு பிரித்தறியும் விவேகம் கைவந்தவர், சொற்களிடத்தும் அவ்விவேகத்தை வழங்குதல் முறையன்றோ?

தடையும் விடையும்

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். முதலாவார் கூறுவது: "சிவன் என்பது செந்நிறமுடையோன் என்னும் தமிழ்ப் பெயரே. திருவுருத்திரம் உருத்திரனைச் செந்நிறத்தவன் என்கின்றது. நம் தொகைநூல்களில் அகநானூற்றுக் கடவுள் வாழ்த்தும் அவன் மேனியைச் செவ்வானோடு உவமிக்கின்றது. வங்கப் பேரறிஞர் சுனீதிகுமார் சட்டர்சியும் இதனைத் தமிழ்ச்சொல்லோடு இயைத்துக் கூறினார். ஆகலின் வடமொழியே கடன்கொண்டது" என்பது.

இஃது எளிதில் தள்ளற்பால கூற்றன்று. உருத்திரன் செந்நிறத்தனாக வேதத்திற் கூறப்படுதல் உண்மையே. ஆயினும் இரண்டு இடர்ப்பாடுகள் உள. தமிழினத்துச் சொல் பண்டு ககர முதலாக நின்றது என மேலே கண்டோம். வேதகாலத்தே வடமொழி அதனைக் கடன்கொண்டதாயின் அங்கும் ககரமே காணப்படல் வேண்டும். அன்றியும் வேதத்தில் அச்சொல் பெரும்பாலும் இனிமைப் பொருளே தருகின்றது. செந்நிறப்பொருள் தந்து நிற்கவில்லை. நம் தொகைநூற் புலவர்களும் இறைவனை முக்கண்ணன், நீலமணிமிடற்றன், ஆலமர்செல்வன் என்றிவ்வாறே பெரிதும் வழங்கினர். சிவத்தல் என்னும் வினையை அவர்கள் பல இடங்களில் ஆண்டும், அதனை அவன் பெயராக்கி ஆளாமை நோக்குக.

இரண்டாவார் கூறுவது: "அங்ஙனமாயின் சிவன் என்பது முழுதும் வடசொல்லே, தமிழர்க்கு அதில் உரிமையில்லை" என்பது. அதுவும் பொருந்தாது. அச்சொல் தமிழகம் புகுந்தபோது, இங்கே சிவத்தல் என்னும் சொல்லும், செவ்வானனைய மேனியன் என்னும் கருத்தும் அதனை எதிர்கொண்டு நின்றன. தமிழெழுத்திற் சகரம் ஒன்றே ஆகலின் எழுத்தாலும் இரண்டும் ஒன்றாயின. ஏழாம் நூற்றாண்டினராகிய அப்பரடிகள், சிவன் என்னும் பெயர் அவனொருவனுக்கே உரியதென்பதையும் அவன் செம்மேனியன் என்பதையும் ஒரு திருவிருத்தத்தில் ஒருசேர அருளினார். பாடினார்க்கும் கேட்டார்க்கும் அப்பெயரில் மங்கலமும் செம்மையும் ஒருங்கே ஒலித்தன. இரு மலையிற் பிறந்த இரண்டு ஆறுகள் கூடியபின் கடலளவும் ஓடும் நீரை இன்ன மலையினது என்று பிரித்தல் எவர்க்கு இயலும்? பிறப்பு இரண்டென்பதும் உண்மை. வாழ்வு ஒன்றென்பதும் உண்மை.

மூன்றாவார் கூறுவது: "பக்தி பெருகுமாயின், சொல்லாராய்ச்சியிற் சிறிது பொய் கலப்பினும் என்ன? தீங்கு பயவாத பொய் வாய்மையோடு ஒக்கும் என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடன்றோ?" என்பது. இத்தடையே மூன்றனுள்ளும் வலியது. நெஞ்சிற்கு இனியதும் இதுவே. ஆயின் வள்ளுவர் கூறியது குற்றமற்ற நன்மை விளையுமிடத்தைப் பற்றியது. பொய்யான சொல்வரலாறு அத்தகையதோ? அது முதலில் நம் மொழியே எல்லா மொழிக்கும் தாய் என்று செருக்கச் செய்கின்றது. அடுத்துப் பிறர் மொழியை இகழச் செய்கின்றது. அப்பால் அம்மொழி பேசுவாரையே இகழச் செய்கின்றது. தமிழென்று நாட்ட முனைவாரும் வடமொழியென்று நாட்ட முனைவாரும் இவ்வகையில் ஒரே படியில் நிற்கின்றனர். மற்றும், இளைஞன் ஒருவன் அப்பொய்யைக் கற்று வளர்ந்து, பின்னர் நூல்கள் பலவும் பயின்று அது பொய்யெனக் காண்பானாயின், சொல்லின் பிறப்பைப் பற்றிய பொய்யோடு சொற்பொருளாகிய மெய்யையும் ஒருங்கே எறிந்துவிடுவான். மணல்மேல் எழுப்பிய மதில் எத்துணை உயர்ந்ததோ அத்துணைக் கேடாக விழும். ஆகலின் தீங்கில்லாப் பொய் என்பது ஈண்டு இல்லை.

பிறப்பிலியின் பெயருக்குப் பிறப்பு

இனிச் சித்தாந்த முறையால் நோக்குவோம். ஓசை நாதத்தின் விரிவு. சூக்குமை முதல் வைகரி ஈறாகிய வாக்குகள் நான்கும் சுத்தமாயையின் காரியம் என்பது நம் நூற்றுணிபு. மாயை சடம். எழுத்தும் சொல்லும் சடம். அவற்றை வாயிலாகக் கொண்டு அருள் நிகழ்தலானேதான் மந்திரம் பயன்தருகின்றது. எனின், சொல்லின் பிறப்பும் திரிபும் மாயாகாரியத்தின் வரலாறு. சொல்லாற் குறிக்கப்படும் பொருளுக்கோ பிறப்பில்லை. பிறப்பிலியின் பெயருக்குப் பிறப்பிடம் எது என்று வழக்கிட்டு, அதில் வென்றபக்கமே அவனுக்கு அணுக்கமான பக்கம் என்று கருதுதல், ஆடையின் நூல் எத்தறியில் நெய்யப்பட்டதென்று கண்டு அதனை உடுத்தானின் குணத்தை முடிவு செய்தலோடு ஒக்கும். தறியை ஆராய்தல் தறியின் அறிவிற்குப் பயன்படும், அவ்வளவே.

மக்கட் பிறப்பிற்கும் இதுவே முறை. குலத்தால் ஒருவனை உயர்த்துதலும் தாழ்த்துதலும் தகாதென்று நாம் மேடைதோறும் பேசுகின்றோம். சாத்திரமும் கோத்திரமும் பேசித் திரிவாரை அப்பரடிகள் இடித்துரைத்ததை எடுத்தோதுகின்றோம். ஆயினும் சொல்லின்கண் வந்தவுடன் குலம் வினவுகின்றோம்: இது எவ்வினத்துச் சொல், எவர் வீட்டுச் சொல், இதனைத் தீண்டலாமோ ஆகாதோ என்கின்றோம். பிறப்பு வினவும் பழக்கம் ஓரிடத்து ஓம்பப்படின் மற்றோரிடத்தும் தலைகாட்டும். சொல்லின் குலத்தை எண்ணிச் செருக்குபவன் மனிதனின் குலத்தை எண்ணாதிருத்தல் அரிது.

நிறமும் நடுவும்

இவ்வுண்மையை ஃபேர்லேண்ட்ஸ் என்னும் பெயரிற் கண்ட அவ்வாங்கிலச் சொல்லாலேயே விளக்குதும். 'ஃபேர்' என்பது முதலில் அழகாயிருந்து, பின் மாசின்மையைக் குறித்து, அதனின்றும் நடுவுநிலைமையைக் குறிப்பதாயிற்று. நம் செம்மையும் நிறத்தினின்றும் அழகையும் முறையையும் குறிப்பதாயிற்று. ஓசையிலோ வேரிலோ இவ்விரண்டிற்கும் உறவில்லை. ஆயினும் அழகையும் நீதியையும் ஒரு சொல்லிற் கண்ட உள்ளங்கள் இரண்டும் ஒரு வழியே நடந்துள்ளன. சொல்லுறவினும் இவ்வுள்ளத்துறவு நமக்குப் பெரிதாதல் வேண்டும்.

ஆயின் இரு சொல்லும் ஒரே பள்ளத்திலும் வீழ்ந்தன. 'ஃபேர்' வெளிர்நிறத் தோலைக் குறிக்கத் தலைப்பட்டது. நம் 'சிவப்பு' என்பதும் அவ்வாறே. மணமகள் தேடுவார், 'பெண் சிவப்பா, கறுப்பா?' என்று வினவுதலை அறியாதார் நம்முள் யார்? தோலை வெளுக்கச் செய்யும் என்று விற்கப்பட்ட முகப்பூச்சு ஒன்று, உலகினர் இடித்துரைப்பால் 2020-இல் தன் பெயரினின்றும் 'ஃபேர்' என்னும் அச்சொல்லை நீக்கிக்கொண்டது. பெயர் மாறிற்று, பெண் பார்க்கச் செல்வார் வினா மாறிற்றில்லை. நடுவுநிலைமையைக் குறிக்கும் சொல்லே நடுவின்மைக்குக் கருவியாயிற்று. செம்மையைக் குறிக்கும் சொல்லே கறுத்த பெண்மகவைக் கண்கலங்கச் செய்யும் சொல்லாயிற்று. இச்சொற்களின் பிறப்பில் இக்குற்றமில்லை. தொல்காப்பியர் கறுப்பையும் சிவப்பையும் ஒப்பவைத்ததை மேலே கண்டோம். பிறப்பாற் குற்றமற்ற சொல் வழக்காற் குற்றமுடையதாகின்றது. அஃதேபோல், அயலிற் பிறந்த சொல் வழக்காற் புனிதமாதலும் கூடும். எனவே சொல்லின் சிறப்பு அதன் பிறப்பின்பாற்பட்டதன்று. நாம் அதனைக்கொண்டு ஒழுகும் ஒழுக்கத்தின்பாற்பட்டது என்பது துணிபு.

திருச்செங்கோட்டு மலைமேல் எழுந்தருளியுள்ள மாதொருபாகன் திருவுருவத்தை இம்முடிபோடு ஒருங்கு வைத்து எண்ணுக. வலப்பால் அப்பன், இடப்பால் அம்மை. அப்பனைச் செம்மேனியன் என்று நூல்கள் கூறும். அம்மையை நீலமேனியள் என்று ஐங்குறுநூற்றுக் கடவுள் வாழ்த்துக் கூறும். செம்மையும் கருமையும் ஈண்டு ஓருடம்பு. செம்பாதியை வணங்கிக் கரும்பாதியை இகழ்தல் எவராலும் இயலாது. இகழின் வணங்கியதும் வணக்கமாகாது. சிவனடியார் ஒருவர் தம் மகற்குப் பெண் நாடுங்கால் நிறம் வினவுவாராயின், அவர் இடப்பாதியை மறந்து வழிபட்டார் என்றே கொள்க.

முடிபு

ஆராய்ந்தவற்றால் பெறப்பட்டன இவை: 'சிவ' என்னும் ஓசையுடைய சொற்கள் பல மொழிகளில் உள. அவற்றுட் சில போலிகள். தமிழ்ச் சொல்லும் வடசொல்லும் தனித்தனிப் பிறந்து, நம் இறைவன் திருப்பெயரில் வந்து கூடின. வடசொல்லின் அடியில் உள்ளது உறவு. எல்லாரையும் ஒரு வீட்டாராகக் கொள்ளும் இனிமை. தமிழ்ச்சொல்லின் அடியில் உள்ளது செம்மை. முறை தவறியவிடத்துச் சிவக்கும் நேர்மை. உறவின்றி நேர்மை மட்டும் இருப்பின் அது கொடுமையாம். நேர்மையின்றி உறவு மட்டும் இருப்பின் அது சார்பு பேசுதலாம். இறைவன்பால் அறக்கருணையும் மறக்கருணையும் ஒன்றாயிருத்தலை நம் நூல்கள் கூறும். இரு வேறு சொற்கள் அவன் பெயரில் ஒன்றியதும் அவ்வுண்மைக்கு ஏற்புடைத்தே.

ஆகலின் அன்பர்களே, 'சிவ சிவ' என்று உச்சரிக்குந்தோறும் இது யார் மொழி என்னும் வினாவைச் சொல்லாராய்வார்க்கு விடுத்து, வேறிரண்டு வினாக்களை நம்மை நாமே வினவிக்கொள்வோமாக: இன்று நாம் யாரை நம் வீட்டாராகக் கொண்டோம்? இன்று நாம் எவ்விடத்துச் செம்மை பிறழாது நின்றோம்? இவ்விரண்டிற்கும் நேரிய விடை கூறவல்லார் நாவில், அச்சொல் எம்மொழியிற் பிறந்ததாயினும், சிறந்தே நிற்கும்.